முழங்கால் உயரத்து அமெரிக்கா

ஆர்லினுக்கு அமெரிக்கா முழங்காலுக்குக் கீழேதான் தெரியும்.

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில், ஒரு வணிக வளாகத்தின் ஐந்தாவது மாடியில், எப்போதும் சில்லிட்டுக் கிடக்கும் கூடத்தில் உட்கார்ந்து அவள் ராஸ்கோவை ஓட்டினாள். ராஸ்கோ ஒரு வெள்ளைப் பெட்டி. அடியில் ஆறு சக்கரம், வயிற்றில் சாப்பாட்டுப் பொட்டலம், நெற்றியில் கேமரா. கலிபோர்னியாவின் உள்பகுதியில் ஆல்டர் வெல்ஸ் என்ற சிற்றூரில் அது கடைகளிலிருந்து வீடுகளுக்கு நடைபாதை ஓரமாக உருண்டு போகும். அது தானாகவே போகிறது என்று கம்பெனி ஊருக்குச் சொல்லியிருந்தது. பாதி நேரம் அது உண்மையும்கூட. மீதி நேரம், ஒரு பள்ளத்தையோ நாயையோ கண்டு அது திகைத்து நின்றதும், பசிபிக் கடலின் இந்தப் பக்கத்தில் யாராவது ஒருத்தர் கைக்கு அதன் கடிவாளம் வந்துவிடும்.

அந்தக் கேமரா வழியாக அவள் பார்த்தது காலணிகளை, நாய்களின் முகங்களை, ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்லை. வீட்டுக்கு வீடு கொடி நட்டிருந்தார்கள். கொடியை அவள் பார்த்ததில்லை. கம்பத்தின் அடிப்பாகத்தையும், புல்லில் அசையும் கொடி நிழலையும் பார்த்திருக்கிறாள்.

மனிதர்கள் ராஸ்கோவிடம் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள்கூடக் குனிந்து அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்கள். ஓக் மரத்து வீட்டுப் பெண் சூப்பை எடுத்துக்கொண்ட பிறகும் மூடியைச் சாத்தாமல், தன் மகன் போன் செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பையன்கள் உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆர்லின் இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். இப்போது கேட்கவே அசதியாக இருந்தது. பதில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. திரையின் ஓரத்தில் சில பொத்தான்கள் இருந்தன. வணக்கம், நன்றி, தயவுசெய்து வழிவிடுங்கள். எதை அழுத்தினாலும் உற்சாகமான ஓர் அமெரிக்க இளைஞனின் குரல் வரும்.

ஆல்டர் வெல்ஸை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அங்கேதான் அவள் அம்மா இருந்தாள்.

ஆர்லின் கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மா சுற்றுலா விசாவில் போனாள். திரும்பி வரவில்லை. விசா முடிந்தது. அன்றிலிருந்து காகிதம் இல்லாதவளாக, வீடு வீடாக வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தப் பணத்தில்தான் ஆர்லின் உயிரியல் படித்தாள், தம்பி பொறியியல் படித்தான். இப்போது சில வருடங்களாக அம்மா ஆல்டர் வெல்ஸில், நெடுஞ்சாலைக்கு அப்பால், மேட்டுத் தெருவில் ப்ரூயிட் என்ற கிழவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ராஸ்கோவின் எல்லை நெடுஞ்சாலையோடு முடிந்தது. அதைத் தாண்டினால் திரை கறுத்துவிடும்.

வாரம் ஒரு முறை அம்மா வீடியோவில் வருவாள். திரை முழுக்க முகம். அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் ஆர்லினுக்கு மனப்பாடம். கழுத்துக்குக் கீழே அம்மா எப்படி இருக்கிறாள் என்பது தெரியாது. சமீபமாக ஒரு சந்தேகம். அம்மா போனை எடுப்பதற்குள் மூச்சு வாங்கினாள். எதையாவது எடுத்துக் காட்டச் சொன்னால் சாக்குச் சொன்னாள்.

"அம்மா, எழுந்து போய் அந்த எலுமிச்சை மரத்தைக் காட்டேன். காய்ச்சுக் குலுங்குதுன்னு சொன்னியே."

"மரம் எங்க ஓடிப்போயிடப் போகுது. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். கால் வலியா உனக்கு?"

"யாரு சொன்னா, உங்க சித்தியா? அவளுக்கு வேற பொழைப்பில்ல. நான் இங்க தினம் மேடு ஏறி எறங்கிட்டிருக்கேன்."

"ஏதாவது இருந்தா மறைக்காதம்மா. கெளம்பி வந்துடு."

"வந்துட்டு? மறுபடி உள்ள விடுவானா? உன் தம்பி படிப்பு முடியட்டும்."

தம்பி படித்து முடித்து, கல்யாணமாகி, அவன் மகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். முடியட்டும் என்று சொல்ல அம்மாவிடம் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது.

அம்மா பேச்சை மாற்றினாள். "ஜூலை நாலாம் தேதி இவங்க சுதந்திர தின ஊர்வலம் வருது. இங்க வெயிலுக்கு பயந்து சாயங்காலம்தான் வெப்பாங்க. ஐயாவ வண்டியில உக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போவேன். பல் டாக்டர் வாசல்ல நெழல் இருக்கும். வருஷா வருஷம் எங்களுக்கு அதான் எடம்."

"ஜாக்கிரதையா போ."

"அந்தப் பெட்டிங்கதான் ஊர்ல சுத்துது, நெத்தியில கண்ண வெச்சுக்கிட்டு. அதக் கண்டாலே நான் அந்தப் பக்கமா ஒதுங்கிடுவேன். படம் எங்க போகுதோ, எவன் பாக்குறானோ."

படம் எங்கே போகிறது என்று ஆர்லின் சொல்லவில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வங்கி வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலை என்றுதான் அம்மாவுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அம்மா நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நன்றாக நடந்தால் இனி வாயைத் திறக்கக் கூடாது. இல்லையென்றால் வா என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அம்மா வாயால் உண்மை வராது. கால் பொய் சொல்லாது.

*

ஆல்டர் வெல்ஸில் நாலாம் தேதி சாயங்காலம் என்றால் செபுவில் ஐந்தாம் தேதி காலை. கூடத்தில் மேற்பார்வையாளர் க்ளாரிஸ் மேடம் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் காகிதத் தோரணம் கட்டச் சொல்லியிருந்தார். வேலை நேரத்தில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற பலகைக்கு மேலும் ஒரு தோரணம் தொங்கியது.

சுவரில் இருந்த பெரிய திரையில் கைல் வந்தான். கம்பெனியின் அமெரிக்க அலுவலகத்து ஆள். அவனுக்குப் பின்னால் ராஸ்கோ நின்றது. மூடியில் நட்சத்திரத் தொப்பி ஒட்டியிருந்தது. முதுகில் கொடி. பக்கவாட்டில் ஓர் அட்டை: 'அமெரிக்க மூளை, அமெரிக்கச் சக்கரம்.'

"இன்னைக்கு ஒரு நாள் ராஸ்கோ எங்கயும் நிக்கக் கூடாது," என்றான் கைல். "குதிரை, பட்டாசு, கொழந்தைங்க, எல்லாத்தையும் பாத்து அது மெரளும். அதனால மொத்த தூரமும் நீங்கதான் ஓட்டணும். ஆனா அது நம்ம ஊர்ப் பையன். ஜனங்க அப்படித்தான் பாக்கணும்."

"நம்ம ஊர்ப் பையன்தான்," என்று ஆர்லினின் காதருகே முணுமுணுத்தான் ஜூன்ரெய். பக்கத்து இருக்கைக்காரன், அவளைவிடச் சின்னவன். "கார்போன் மார்க்கெட்ல மீன் கூடைக்கு நடுவுல பொறந்து வளந்தவன். பாரு, மூஞ்சியே சொல்லுதே."

"மெதுவாடா. மேடம் காதுல விழப்போகுது."

"இந்த நாலாம் தேதி எங்க தாத்தாவுக்கும் சுதந்திர தினம்தான் தெரியுமாக்கா? அமெரிக்கக்காரன் அவனோட நாளையே நமக்கும் தூக்கிக் குடுத்தான். அப்புறம் நம்மாளுங்க தேதிய மாத்திட்டாங்க. தாத்தா மட்டும் சாகுற வரைக்கும் ரெண்டு நாளும் குடிச்சாரு."

ஊர்வலத்தை ஓட்டுவது ஜூன்ரெயின் பொறுப்பு. கூடத்திலேயே அவன் கைதான் வேகம். ஆர்லின் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"டேய், இன்னைக்கு நான் ஓட்டட்டுமா?"

"என்னக்கா, புதுசா தேசபக்தி?"

"குடுடா."

"அங்க யாராச்சும் ஆள் இருக்கா? எனக்குத் தெரியாம எந்த அமெரிக்கன்?"

"எங்கம்மா."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். எழுந்து, காதுக்கருவியைச் சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தான். மேடம் கேட்டபோது வயிற்று வலி என்றான்.

*

ஊர்வலத்தில் ராஸ்கோவுக்கு முன்னால் குதிரைகள், பின்னால் பழைய டிராக்டர்கள். ஆர்லின் கண்டதெல்லாம் குளம்பும் சாணியும். சாணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். படம் கடல் தாண்டி வருவதால் எல்லாமே கண்ணிமைக்கும் நேரம் பிந்தித்தான் தெரியும். கண் முன்னால் இருப்பது ஏற்கெனவே நடந்து முடிந்தது. அதற்குப் பழகியவர்கள்தான் அந்தக் கூடத்தில் நிலைத்தார்கள்.

சாலையின் இரு ஓரமும் மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டிகள், கால்கள். முந்தின நாளே நாற்காலியைக் கொண்டுவந்து கயிற்றால் கட்டி இடம் பிடித்திருந்தார்கள். ஒருவர் நாற்காலியை மற்றவர் தொடவில்லை. ஊர்வலத்தில் போனவர்கள் வீசிய மிட்டாய் வந்து விழுந்தது. பொறுக்க ஓடி வந்த சின்னக் கைகளுக்காக அவள் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தாள். கண் எரிந்தது.

வழியில் ஓரிடத்தில் எல்லாம் நின்றது. பாண்டு வாத்தியம் தேசிய கீதத்தைத் தொடங்கியது. அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் எழுந்து நேராக நின்றன. செருப்புக் கால், பூட்ஸ் கால், நகப்பூச்சுக் கால். ஒரு சிறுமி தன் ஷூ நாடா அவிழ்ந்ததைக் கட்டக் குனிந்தாள். ஒரு பெரிய கை வந்து அவளை நிமிர்த்தியது. ஆர்லினும் பள்ளியில் திங்கட்கிழமைதோறும் இப்படித்தான் நின்றிருக்கிறாள், வெயிலில், வேறொரு கொடிக்கு. அப்போதும் நாடாதான் ஞாபகம்.

மறுபடி நகர்ந்தார்கள். மருந்துக்கடை, வங்கி. அடுத்தது பல் டாக்டர். அந்தக் கட்டடத்தை அவளுக்கு அதன் படிக்கட்டால் தெரியும். மூன்றாவது படி உடைந்திருக்கும்.

படிக்குப் பக்கத்தில், நடைபாதை சரிந்து சாலையில் இறங்கும் இடத்தில், ஒரு சக்கர நாற்காலி. அதில் வெள்ளைக் காலுறையும் கறுப்பு ஷூவுமாக இரண்டு கால்கள். நாற்காலிக்குப் பின்னால் இன்னும் இரண்டு கால்கள்.

காலுறைக்கு மேல் ரப்பர் செருப்பு. வலது கால் கட்டைவிரல் அந்தரத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது. ஊரில் ஜீப்னி வண்டிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அம்மா அப்படித்தான் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது அது தேய்க்க வந்து, இடது காலைத் தொடாமல் திரும்பிப் போயிற்று. இடது கால் செருப்பின் வார் வெட்டப்பட்டிருந்தது. அதற்குள் அடங்காமல் கால் வெளியே பிதுங்கியிருந்தது.

ஆர்லின் ராஸ்கோவை நிறுத்தினாள்.

அம்மா அசையாமல் நின்றாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது புரிந்தது. வருடக்கணக்காக அந்தக் கிழவரைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறி இறங்கியதாகச் சொன்னது எவ்வளவு நிஜம், நாற்காலி யாரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் புரியவில்லை.

"ஏன் நின்னுடுச்சு?" கைல் காதில் கேட்டான். பின்னால் டிராக்டர் ஒலி எழுப்பியது. "செபு, கேக்குதா? ஏன் நின்னுடுச்சு?"

அவள் ராஸ்கோவைத் திருப்பி, கிழவருக்கும் அம்மாவுக்கும் நேர் எதிராக நிறுத்தினாள். கொடி முன்னால் சாய்ந்ததை அவள் அறியவில்லை. அதன் நிழல் கிழவரின் ஷூவில் விழுந்தது. அந்த நேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் குரல் குழைந்தது.

"அங்க பாருங்க ஜனங்களே. யாரும் சொல்லல. ராஸ்கோ தானா நின்னு நம்ம பெரியவருக்கு மரியாதை செலுத்துறான். நாட்டுக்காகச் சண்டைக்குப் போன காலுங்கய்யா அது."

ப்ரூயிட் ஆயுள் முழுக்க நீச்சல்குளம் விற்றவர். ராணுவ முகாம் பக்கம்கூடப் போனதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். காதும் மந்தம். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, அவர் காலை ஒட்டிவைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சலாம் வைத்திருக்க வேண்டும். கைதட்டல் கிளம்பியது. சுற்றிலும் கால்கள் எழுந்து நின்றன.

"அப்படியே வை," என்றான் கைல். அவன் குரல் மாறிவிட்டிருந்தது. "அசைக்காத. அப்படியே வை."

ஆர்லின் 'தயவுசெய்து வழிவிடுங்கள்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

அமெரிக்க இளைஞனின் குரல் உற்சாகமாகச் சொன்னது. கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. அவள் ராஸ்கோவைச் சரிவில் ஏற்றி, நாற்காலியின் ஓரமாக அம்மாவை நோக்கி நகர்த்தினாள். அந்தக் கண்ணைக் கண்டால் அம்மா ஒதுங்குவாள். அது தெரிந்துதான் செய்தாள். மறுபடி அழுத்தினாள். வழிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். வழிவிடுங்கள்.

நாற்காலி பின்னால் ஓர் அசைவு அசைந்தது. பிரேக் போட்டிருந்தது, வரவில்லை. அம்மா கைப்பிடியை விட்டாள்.

இடது கால் தரையைத் தொட்டதும் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சரிந்தது. வலது கால் பதறி வந்து தாங்கியது. மறுபடி இடது கால், மறுபடி சரிவு. ஒரு கை படத்துக்குள் வந்து, காற்றில் துழாவி, படிக்கட்டின் கம்பியைப் பிடித்தது. அந்தக் கை எத்தனையோ முறை அவளுக்குத் தலை பின்னிய கை.

ஆர்லின் ராஸ்கோவைப் பின்னால் எடுத்து ஊர்வலத்தில் சேர்த்தாள். மிச்ச தூரத்தை ஓட்டி முடித்தாள். எதையும் இடிக்கவில்லை.

*

"ஏன் நிறுத்தினே?" என்று க்ளாரிஸ் மேடம் கேட்டார்.

"வீல்சேர் வழியில இருந்துச்சு மேடம்."

மேடம் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். அதற்குள் பெரிய திரையில் கைல் வந்துவிட்டான். யாரோ எடுத்த வீடியோவை ஊரே பகிர்கிறதாம். பார்த்து அழுதேன் என்று எழுதுகிறார்களாம்.

"அதுக்கே தோணி நின்னுச்சுன்னு சொல்லப்போறோம்," என்றான். "இனி எங்க வயசானவங்க வீல்சேர்ல இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகணும். எல்லா ஊர்லயும். அமெரிக்கான்னா இதான். செபு, அசத்திட்டீங்க. இது வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

கூடம் கைதட்டியது. பீட்சா வந்தது. ஆர்லின் அதைத் தொடாமல் கீழே இறங்கி, வளாகத்தின் பின்பக்கப் படியில் உட்கார்ந்தாள். ஜூன்ரெய் வந்து, ஓலைக் கூட்டில் வேகவைத்த சோற்றையும் வறுத்த கருவாட்டையும் பக்கத்தில் வைத்தான்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"மேல கருவாட உள்ள விடமாட்டாங்க. இங்கயே தின்னுடு," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அவள் அம்மாவை அழைத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு முகம் வந்தது. பின்னால் வாணவேடிக்கைச் சத்தம்.

"இன்டாய், இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு கேளு." செபுவில் பெண் பிள்ளைகளைக் கூப்பிடும் அந்தச் செல்லப் பெயரைத்தான் அம்மா எப்போதும் சொல்வாள். "அந்தப் பெட்டி ஐயா முன்னாடி வந்து நின்னுடுச்சு. மரியாதை செலுத்துதாம். அவரு நீச்சல்குளம் வித்த மனுஷன், சல்யூட் அடிக்கிறாரு. ஊரே அழுவுது."

"ம்."

"நானும் வீடியோவ பாத்துட்டேன், தொப்பி போட்டிருந்தேனா, என் மூஞ்சி விழல. ஆனா மரியாதையா அது? வயசானவ நிக்கிறாளேன்னு ஒரு புத்தி வேணாம்? வழிவிடு, வழிவிடுன்னு என்னத் தொரத்துது. இந்த ஊர்க்காரன் கொணம் அப்படியே அதுக்கும் வந்திருக்கு."

"எவ்வளவு நாளாம்மா கால் இப்படி?"

"எந்தக் கால்?"

"இடது கால். செருப்பு வார வெட்டிவிட்டிருக்கியே, அந்தக் கால்."

அம்மா சிரிப்பை நிறுத்தவில்லை, அது முகத்திலேயே மறந்து நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவள் மகளைப் பார்த்தாள். வெளியே ஒரு வெடி வெடித்து அடங்கியது.

"பேங்க்ல போன் எடுக்குற வேலைன்ன."

"ஆமா, சொன்னேன்."

"மூஞ்சிய யாரும் பாத்தாங்களா? அந்தப் பெட்டியில?"

"இல்ல. அது முழங்காலுக்கு மேல பாக்காது."

"அப்போ வழிவிடுன்னது நீதான்."

"நான்தாம்மா."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "கொஞ்சம் நல்ல கொரலா வெச்சிருக்கக் கூடாதா. எவனோ பல்பசை விக்கிறவன் மாதிரி."

ஆர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. "வந்துடும்மா," என்றாள். "கேக்கல. சொல்றேன். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வந்தா மறுபடி இந்தப் பக்கம் வர முடியாது. தெரியும்ல."

"தெரியும்."

"ஐயாவ யாரு பாத்துப்பா?"

அம்மாவின் முகம் திரையிலிருந்து விலகியது. கூரை தெரிந்தது, நாற்காலிக் கை தெரிந்தது. அம்மா எழுந்திருக்கிறாள் என்று ஆர்லினுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"எங்கம்மா போற?"

"எலுமிச்ச மரம் கேட்டியே."

போன் அம்மாவின் கையில் போனது. படம் இடது பக்கம் சரிந்து, நின்று, நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது. சமையலறைக் கதவு சாய்ந்து வந்து நேரானது. வாசற்படி சாய்ந்து வந்தது. மூச்சு வாங்கும் சத்தம்.

"போதும்மா. உக்காரு."

"இரு. வந்தாச்சு."

வானத்தில் எங்கோ சிவப்பு வெளிச்சம் விரிந்தது. அந்த வெளிச்சத்தில் மரம் ஒரு கணம் தெரிந்தது, சாய்ந்தபடி. காய்கள் நிறையத்தான் இருந்தன.